பழைய லேண்ட் ரோவர்: ஜப்பான் இன்ஜின் போடச் சொல்கிறார்கள், போடலாமா?

ஜனவரி 11, வாசகர் கேள்வி

பொகவந்தலாவையிலிருந்து எழுதுகிறேன். அப்பா தோட்டத்து ஏலத்தில் எடுத்த லேண்ட் ரோவர் சீரிஸ் 2ஏ, அச்சுகளுக்கு இடையே 88 அங்குலம், டீசல் வண்டி, இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. முன் வலது சில்லின் உட்பக்கத்தில் ஒயில் வடிகிறது. பிரேக் மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆவதே இல்லை, நான்கு பேர் தள்ள வேண்டும். கராஜில் காட்டியபோது, "இன்ஜினைத் தூக்கிவிட்டு ஜப்பான் டீசல் ஒன்று போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார்கள். என்னிடம் அவ்வளவு பணமும் இல்லை. வீட்டிலேயே ஏதாவது செய்ய முடியுமா?

ஜனவரி 11, இரவு

போடாதீர்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை அது. நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் ஒன்றுகூட இன்ஜினுக்குள் இல்லை. ஒயில் வடிவது முன் அச்சின் கோளாறு. இடப்பக்கம் இழுப்பது பெரும்பாலும் அதே ஒயில், டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் வலது பிரேக் சப்பாத்தை நனைத்ததால் வந்தது. குளிரில் ஸ்டார்ட் ஆகாததற்கு முதலில் பார்க்க வேண்டியவை, ஸ்டார்ட் ஆகும் முன் இன்ஜினுக்குள் சூடு கொடுக்கும் ஹீட்டர் பிளக்குகளும் பற்றரி வயர்களும். புது இன்ஜின் போட்ட பிறகும் உங்கள் வண்டி இடப்பக்கம்தான் இழுக்கும், இன்னும் கூடுதல் வேகத்தில்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் 2.25 லீட்டர் டீசல் தருவது 62 குதிரைவலு, 103 இறாத்தல்-அடி முறுக்குவிசை. அந்த வண்டியின் கியர் பொக்ஸும் பின் அச்சுக்குள் சில்லுகளைச் சுழற்றும் ஹாஃப் ஷாஃப்ட்டுகளும் அந்த அளவுக்காகச் செய்யப்பட்டவை. பலமான இன்ஜினைப் பூட்டி மலையேற்றத்தில் மிதித்தால், உடைவது இன்ஜினாக இருக்காது, ஷாஃப்ட்டாக இருக்கும். உடைகிற இடம் வளைவா சமதரையா என்பது உங்கள் கையில் இல்லை.

வீட்டில் செய்யலாம். வரிசை மட்டும் மாறக்கூடாது: முதலில் நிற்பது, பிறகு திரும்புவது, பிறகு சட்டகம், கடைசியில் இன்ஜின்.

ஜனவரி 12

ஜக்கைத் தொடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இந்த இழையில் நான் எழுதப்போவதில் மிக முக்கியமானது இதுதான்.

சீரிஸ் லேண்ட் ரோவரின் கைப் பிரேக் சில்லுகளைப் பிடிப்பதில்லை. இன்ஜின் வலுவை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பொக்ஸின் பின்புறம் ஒரு தனி டிரம் இருக்கிறது. கைப் பிரேக் அந்த டிரம்மைப் பிடித்து, பின் புரொபெல்லர் ஷாஃப்ட்டை நிறுத்துகிறது. இரண்டு பின் சில்லுகளும் தரையில் இருக்கும்வரை அது நல்ல பிரேக். ஒரு பின் சில்லை ஜக்கில் தூக்கிவிட்டால் கதை வேறு. ஷாஃப்ட் அசையாமல் நிற்கும், ஆனால் இரு சில்லுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் தன் வேலையைச் செய்யும்: தரையில் உள்ள சில்லு முன்னால் உருளும், காற்றில் இருக்கும் சில்லு பின்னால் சுழலும். கைப் பிரேக் முழுவதும் இழுத்திருக்க வண்டி ஜக்கிலிருந்து இறங்கி நடக்கும். கியரில் விட்டிருந்தாலும் இதே கதிதான்.

அப்புத்தளையில் எங்கள் வீட்டு முற்றத்தில் இது நடந்து நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரின் வண்டி. பின் சில்லு ஒன்றைக் கழற்றத் தூக்கினார். முதலில் ஜக்கின் தலை மெல்லச் சாய்ந்தது. தூக்கிய சில்லு, யாரும் தொடாமலே, பின்பக்கமாக ஒரு கால் சுற்றுச் சுற்றியது. அவர் அதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். வண்டி கீழே இருந்த கல்வேலியில் போய் முட்டி நின்றது. அந்தச் சில்லின் அசைவு ஒன்றுதான் அவருக்குக் கிடைத்த எச்சரிக்கை.

ஆகவே கட்டை. செங்கல் வேண்டாம், நொறுங்கும். தரையில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் நல்ல மரக்கட்டை. நான்கு சக்கர இயக்கத்தையும் போட்டுவிடுங்கள். அப்போது முன் அச்சும் அந்த டிரம்மோடு இணைந்துவிடும். முன் சில்லில் பூட்டித் திறக்கும் ஹப் இருந்தால் அதையும் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் பலனில்லை. இவ்வளவும் செய்த பிறகும் கட்டையை எடுக்கக்கூடாது. வண்டிக்கு அடியில் போவதென்றால் ஜக்கை நம்பி அல்ல, அச்சுக்குக் கீழே தாங்கி வைத்துத்தான்.

ஜனவரி 12, பிற்பகல்

ஸ்பானர் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அங்குல அளவு வாங்குங்கள். அரை அங்குலத் தலைக்கு 13 மில்லிமீட்டர் பொருந்துவதுபோல் தோன்றும், இறுகிப் போன போல்ட்டில் வழுக்கி மூலையை மழித்துவிடும். 9/16 தலைக்கு 14 போகாது, 15 ஆடும். முன் ஹப் நட்டுக்கு 52 மில்லிமீட்டர் குழாய் ஸ்பானர் தனியாக வேண்டும். உளியும் சுத்தியலும் வைத்து அந்த நட்டைத் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கழற்றிய ஹப்பை அடுத்தவன் கழற்றும்போதுதான் வலி தெரியும்.

ஜனவரி 14

டிரம்மைக் கழற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே ஈரமாக இருக்கிறது, எந்த ஒயில் என்று தெரியவில்லை என்கிறீர்கள். பாகம் வாங்க ஓடுவதற்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்பையில் தண்ணீர் எடுங்கள். அந்த ஈரத்தை ஒரு குச்சியில் தொட்டு ஒரு சொட்டு விடுங்கள். தண்ணீரில் கரைந்து போனால் அது பிரேக் திரவம், சில்லு சிலிண்டரின் றப்பர் போய்விட்டது. எண்ணெய்ப் படலமாக மிதந்தால் அது அச்சு ஒயில். மூக்கும் உதவும்: கியர் ஒயிலின் கந்தக நாற்றம் ஒருமுறை முகர்ந்தவருக்கு மறக்காது. பிரேக் திரவம் பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்திருக்கும்.

மிதக்கிறது என்றால் உடனே ஒயிலை அடைத்து நிற்கும் சீல் வளையத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். அச்சுக் குழாயின் மேல்பக்கம் விரல் நுனி அளவில் ஒரு சிறு மூச்சுத் துளை வால்வு இருக்கிறது. மலைப்பாதைச் சேற்றில் அது அடைபடும். ஓடும்போது அச்சு சூடாகும், உள்ளே காற்று விரியும், வெளியேற வழியில்லாமல் ஒயிலைச் சீல் வழியாகத் தள்ளும். புதுச் சீல் போட்டு, மறுபடி ஒழுகி, மறுபடி சீல் போட்டு, கடைசியில் "இந்த வண்டியே இப்படித்தான்" என்று விட்டுவிட்ட பலரை எனக்குத் தெரியும். அந்த வால்வைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, உள்ளே உள்ள சிறு குண்டு அசைகிறதா என்று குலுக்கிப் பாருங்கள்.

அடுத்தது ஒயில் மட்டம். சமதரையில் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். நம் மலையில் சமதரைக்கு எங்கே போவது என்றால், பள்ளிக்கூட மைதானத்துக்குப் போங்கள். சரிந்த முற்றத்தில் பார்த்து நிரப்பினால் அளவுக்கு மேல் போய்விடும், கூடுதலானது தானாக வெளியேற வழி தேடும். டிஃபரன்ஷியலுக்கு 1.75 லீட்டர், முன் அச்சின் இரு முனையிலும் சில்லு திரும்புவதற்காக உள்ள குரோம் பந்து ஒவ்வொன்றுக்கும் அரை லீட்டர். அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம்.

ஜனவரி 15

மேலே எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். பழைய பிரேக் சப்பாத்துகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், கம்பிரசர் காற்றும் அடிக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். கராஜ்களில் காற்றடித்து ஊதுவதைத்தான் எல்லோரும் பார்த்து வளர்ந்திருக்கிறோம், அதனால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

ஒயில் குடித்த சப்பாத்தை பெற்றோலில் கழுவி, நெருப்பில் காட்டிப் போடலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். வேண்டாம். சூடானதும் உள்ளே ஊறியது மறுபடி மேலே வரும். சப்பாத்து மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் இழுப்பு பக்கம் மாறும், அவ்வளவுதான்.

ஜனவரி 17

வால்வைச் சுத்தம் செய்தும் பந்துச் சீலிலிருந்து வடிகிறது என்கிறீர்கள். அப்படியானால் பந்தைப் பாருங்கள். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பி, நகத்தை மேலே ஓட்டுங்கள். குரோம் உரிந்து துரு தின்ற குழிகள் நகத்தில் தடுக்கும். அந்தக் குழியின் விளிம்பு ஒவ்வொரு வளைவிலும் சீலின் உதட்டை அறுக்கிறது. பந்து அந்த நிலையில் இருக்கும்போது எந்த ஊர்ச் சீலும் நிற்காது.

குழி கொஞ்சமென்றால் துருவைச் சுரண்டி, இரு கலவைப் பசையால் நிரப்பி, காய்ந்ததும் நுண்ணிய அரத்தாளில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். கை வைத்தால் எங்கே நிரப்பினோம் என்று தெரியக்கூடாது. குழி அதிகமென்றால் பந்தையே மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

சீலை வெட்டிச் சுற்றிப் போடுகிற குறுக்குவழி ஒன்று உண்டு. முழு வளையமாகப் போட வேண்டுமென்றால் ஹப், ஹாஃப் ஷாஃப்ட், பந்து வரை கழற்றி, பந்தின் பின்பக்கமாகத்தான் நுழைக்க முடியும். நேரம் பிடிக்கும். அதனால் கத்தியால் வெட்டிப் போட்டுவிட்டு வெட்டை மேல்பக்கம் வைத்துவிட்டேன் என்பார்கள். அந்த வெட்டு ஒழுகும். கழற்றுங்கள். கழற்றும்போது, சில்லு இடம் வலம் திரும்பும் அச்சாணிகளில் மேலே உள்ள 'மேல் பின்'னுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடுகளை அப்படியே கட்டி வையுங்கள். ஸ்டியரிங்கின் இறுக்கம் அந்தத் தகடுகளில்தான் இருக்கிறது. ஹப்பைத் திரும்பப் பூட்டும்போது பேரிங்கில் 0.10 முதல் 0.15 மில்லிமீட்டர் வரை ஆட்டம் விட வேண்டும். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் சூட்டில் பேரிங் எரியும்.

ஜனவரி 18

ஒயிலுக்குப் பதில் பந்துக்குள் கிரீஸை அடைத்துவிட்டால் என்ன என்று ஹட்டன் நண்பர் கேட்கிறார். முன்பு இதைக் கேட்டால் நேராக மறுத்திருப்பேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். லேண்ட் ரோவர் நிறுவனமே பிற்கால வண்டிகளில் இந்த இடத்துக்கு அரைத்திரவ கிரீஸைக் கொடுத்தது. அந்த வகை கிடைத்தால் போடலாம். சில்லு பேரிங்குக்குப் போடும் கட்டி கிரீஸைப் போடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். அது ஷாஃப்ட்டின் மூட்டு சுழல்கிற பாதையிலிருந்து ஒதுங்கிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், மேல் பின்னுக்குப் போய்ச் சேராது. மேல் பின் வறண்டால் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும். ஒழுகல் நின்றதைப் பார்த்து வண்டி குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

ஜனவரி 21

இனி குளிர். உங்கள் இன்ஜினின் நான்கு ஹீட்டர் பிளக்குகளும் தொடராக, ஒன்றன் பின் ஒன்றாக, இணைக்கப்பட்டவை. ஒன்றின் கம்பி அறுந்தால் நான்கும் இருளும். அதனால்தான் நேற்றுவரை ஸ்டார்ட் ஆன வண்டி இன்று ஒரேயடியாக மறுக்கிறது, "இன்ஜின் போய்விட்டது" என்று ஆட்கள் சொல்லத் தொடங்குகிறார்கள்.

ஒரு 12 வோல்ட் பல்பை எடுத்து, ஒரு வயரை வண்டியின் உலோகத்தில் கட்டுங்கள். ஹீட்டர் சுவிட்சை ஒருவர் பிடித்திருக்க, மின்சாரம் வரும் முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பிளக்கின் இரு முனைகளையும் தொட்டுக்கொண்டு போங்கள். பல்பு எரிந்துகொண்டே வந்து, எந்த பிளக்கைத் தாண்டியதும் அணைகிறதோ, அதுதான் அறுந்தது. கடைசி முனை வரை எரிந்தால் பூமி வயர் விட்டிருக்கிறது. ஒரு பிளக்கை வயரால் குறுக்கே கட்டி ஓட்டுவது கூடாது, மீதி மூன்றுக்கும் கூடுதல் வோல்ட் போய் அவையும் எரியும்.

பிளக்குகள் நல்லதென்றால் பற்றரி வயர்களைப் பாருங்கள். டீசலுக்கு அழுத்தத்தில் வரும் சூடுதான் நெருப்பு. இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் தலையின் உலோகத்துக்குள் போய்விடும். சட்டகத்துக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள தடித்த பூமிப் பட்டையைக் கழற்றி, தொடுமிடங்களை உலோகம் மின்னும்வரை தேய்த்துப் பூட்டுங்கள்.

ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கவே அடிக்காதீர்கள். ஹீட்டர் சூடாக இருக்கும்போது அடித்தால் ஈதர் நேரம் தவறிப் பற்றும், பிஸ்டன் உடையும்.

ஜனவரி 22

பண்டாரவளை நண்பர், நான்கு பிளக்குகளையும் 12 வோல்ட் வகைக்கு மாற்றி இணையாகக் கட்டிவிட்டதாகவும், ஒன்று போனாலும் மூன்று எரிவதாகவும் எழுதியிருக்கிறார். தினமும் விடியலில் வண்டி எடுக்கிறவருக்கு அவர் சொல்வது சரி. ஆனால் பழைய பிளக்குகளுக்காக வோல்ட்டைக் குறைத்துக் கொடுத்த தடுப்புச் சுருளை மின்சுற்றிலிருந்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிளக் சிவக்காது. தடித்த வயரும் வேண்டும். நான்கும் சேர்ந்து இழுக்கும் மின்னோட்டத்தைப் பழைய வயர் தாங்காது, டாஷுக்குப் பின்னால் புகையும். அதைச் செய்ய மனமில்லாதவர்கள் தொடரிலேயே இருங்கள்.

ஜனவரி 26

சட்டகத்தைப் பற்றிப் பேசாமல் எத்தனை நாள் தள்ளுவது. உடல் பளபளப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது. போருக்குப் பிந்திய பிரிட்டனில் எஃகு பங்கீட்டில் இருந்ததால்தான் ரோவர் நிறுவனத்தின் மொரிஸ் வில்க்ஸ் அலுமினியக் கலவைத் தகட்டைப் பிடித்தார். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் முதல் வண்டி காட்சிக்கு வந்தபோதே உடல் அலுமினியம், சட்டகம் எஃகு. அந்த எஃகுப் பெட்டி உள்ளிருந்து துருப்பிடிக்கிறது. அலுமினியமும் எஃகும் தொடும் இடத்தில், ஈரம் சேர்ந்தால், அலுமினியம் வெள்ளைத் தூளாகப் பொரியும்.

சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். பின் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் பட்டைகள் தொங்கும் இடங்கள், பக்கவாட்டில் நீட்டிய கைகள், முன் கொம்புகள். நல்ல எஃகு மணிபோல் ஒலிக்கும். செத்த இடம் மந்தமாக, தகரம்போல் சத்தமிடும். ஸ்பிரிங் தொங்கும் இடத்தில் அந்தச் சத்தம் வந்தால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு வெல்டிங் செய்யும் பாஸிடம் போங்கள். இது வீட்டு வேலை அல்ல. போகும் முன் பற்றரியைக் கழற்றுங்கள், ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் உள்ள டீசல் தாங்கியையும் கழற்றி வெளியே வையுங்கள். டீசல்தானே என்று பாஸ் சொன்னாலும் கேட்காதீர்கள்.

வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். பழைய இன்ஜின் ஒயிலைச் சட்டகத்துக்குள் அடிக்கும் வழக்கம் இங்கே உண்டு. எனக்கு அது பிடிக்காது. ஸ்பிரிங் றப்பர்களை ஊறவைத்துக் கெடுக்கும். மழையில் வடிந்து நம் தேயிலைக்குக் கீழே ஓடும் ஓடையில்தான் போய்ச் சேரும், அந்தத் தண்ணீரைக் கீழ் லயத்தில் குடிக்கிறார்கள். மெழுகு கலந்த துரு தடுப்பான் விலைதான், அதை வாங்குங்கள்.

பிப்ரவரி 2

நான்கு சக்கர இயக்கத்தைப் போடும் மஞ்சள் தலைக் கம்பி கீழே போனால் மேலே வரமாட்டேன் என்கிறது என்றால், சுத்தியல் வேண்டாம். தார் வீதியில் நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டியிருப்பீர்கள். இந்த வண்டியில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு தூரம் ஓடும், வித்தியாசம் முழுவதும் ஷாஃப்ட்டுகளில் முறுக்காகச் சேரும். வண்டியை நிறுத்தி, சிறிது தூரம் பின்னால் எடுங்கள். பிறகு சிவப்புத் தலைக் கம்பியைத் தாழ் வேகத்துக்கு இழுத்துத் திரும்ப முன்னால் தள்ளுங்கள். மஞ்சள் தானாகத் துள்ளி எழும்பும். அப்போதும் வராவிட்டால் கம்பியின் மூட்டுகள் துருவில் சிக்கியிருக்கின்றன, ஒயில் ஊற்றி ஊறவிடுங்கள்.

பிப்ரவரி 3

பீப்பாய் டீசல் பற்றி ஒருவர் கேட்டார். 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் சேர்த்து வைத்ததையே இன்னும் ஊற்றுகிறவர்கள் உண்டு. அடியில் தண்ணீரும் துருவும் இருக்கும். தாங்கியின் அடி ஆணியைத் திறந்து கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஓர் இரவு வைத்துப் பாருங்கள்.

ஃபில்டர் மாற்றியபின் காற்று எடுக்கும்போது, எரிபொருள் பம்பின் கை நெம்புகோல் அசைந்தும் ஒன்றும் வராவிட்டால் பம்பு கெட்டது என்று எறிந்துவிடாதீர்கள். பம்பை அசைக்கும் கேம் முழு உயரத்தில் நின்றிருக்கும். இன்ஜினைக் கொஞ்சம் சுழற்றிவிட்டு மறுபடி அடியுங்கள்.

பிப்ரவரி 9

ஒரு பக்கமும் இழுக்காமல் நிற்கிறது, தள்ளாமல் ஸ்டார்ட் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. இப்போது இன்ஜினைத் தொடலாம். வால்வு இடைவெளி எல்லாவற்றுக்கும் 0.010 அங்குலம். எட்டு வால்வுகள், கூட்டுத்தொகை ஒன்பது: முதலாவது முழுதாகத் திறந்திருக்கும்போது எட்டாவதைச் சரிசெய்யுங்கள், இரண்டாவதுக்கு ஏழாவது, மூன்றாவதுக்கு ஆறாவது, இப்படியே. தட்டும் சத்தம் பாதி இதிலேயே அடங்கும்.

இன்ஜினுக்கும் கியர் பொக்ஸுக்கும் நடுவிலுள்ள மணி வடிவக் கூட்டின் அடியில் ஒரு துளை இருக்கும். அதில் ஆணி பூட்டியிருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள், ஆற்றில் இறங்கும்போது மட்டும் பூட்டினால் போதும். அங்கே சொட்டுவது கறுத்து நீர்த்திருந்தால் இன்ஜின் பின் சீல், கெட்டியாக நாறினால் கியர் பொக்ஸ். எது என்று பார்த்து எழுதுங்கள். வரும் சனிக்கிழமை கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போகிறேன், சரியான சீலையும் சேர்த்து வாங்கி வருகிறேன். பழைய சீலின் வெளி விட்டம், உள் விட்டம், தடிப்பு மூன்றும் வேண்டும்.